ஏழு ஓட்டைக் கார்டு

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். கம்ப்யூட்டர்தான் சுகமில்லை. வயிற்றைத் திறந்துகொண்டு சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

பேத்தி எங்களைப் பார்க்கட்டும் என்று கேமரா அனுப்பினீர்கள். பிறந்ததிலிருந்து போனில்தான் அவளைப் பார்க்கிறோம், பாதி நேரம் காது மட்டும் தெரிகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் இருப்பது நாலே யூஎஸ்பி ஓட்டை. கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், பிரிண்டர் என்று நாலு பேரும் நிரந்தரக் குடித்தனம். "எதையாவது ஒண்ணக் கழட்டிட்டுக் கேமராவ மாட்டுங்களேன்" என்றாள் உங்கள் அத்தை. காலமெல்லாம் கொள்முதல் பிரிவில் இருந்தவன் அப்படி அரைகுறை வேலை செய்வேனா? கூடுதல் ஓட்டைகள் உள்ள யூஎஸ்பி கார்டு வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் செருகுவோம், அதுதான் நிரந்தரத் தீர்வு என்றேன்.

முறைப்படி மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டு அட்டவணை போட்டு, பிரிண்ட் எடுத்து, அத்தையிடம் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கினேன். ஓட்டை எத்தனை, வேகம் எவ்வளவு, என்ன நிறம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நம்ம கம்ப்யூட்டருக்குப் பொருந்துமா என்பதற்கு மட்டும் கட்டம் போட விட்டுப்போச்சு மாப்பிள்ளை. ஏழு ஓட்டைக் கார்டு வந்தபிறகு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால், அதைச் செருக உள்ளே இடமே இல்லை. "வாங்குறதுக்கு முன்னாடியே திறந்து பாத்திருக்கலாமே சார்?" என்றார் கடைக்காரர். "திறந்தா கியாரண்டி போயிடுமே!" என்றேன். "கம்ப்யூட்டர் எப்ப வாங்கினது?" என்றார். உங்கள் மனைவி காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி கொட்டேஷன், மறுபடி அட்டவணை, மறுபடி பிரிண்ட். ரெண்டாவது கார்டு கச்சிதமா உட்கார்ந்துச்சு, ஆனா அதுக்குத் தனியா கரண்ட் ஒயர் வேணுமாம், நம்ம பெட்டிக்குள்ள அப்படி ஒரு ஒயரே கிடையாது. மூணாவது கார்டோட தகரப் பட்டை பெட்டியவிட உயரம், மூடி மூடமாட்டேங்குது.

நாளைக்கு அதையும் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். பேத்தியைப் பார்க்காமல் மனசு கிடந்து தவிக்கிறது, ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. எந்தக் கார்டு நல்லது என்று உங்கள் ஆபீஸில் விசாரித்து எழுதவும்.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு (மறுநாள் எழுதுவது): மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். இன்று நான் கடைக்குப் போயிருந்தபோது உங்கள் அத்தை பிரிண்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கேமராவை மாட்டிவிட்டாள். பேத்தி இவள் முகத்தைப் பார்த்ததும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாளாம், முதல் சிரிப்பாம். யோசித்துப் பார்த்தால், அந்தப் பிரிண்டரில் நான் இத்தனை நாளும் எடுத்தது யூஎஸ்பி கார்டு அட்டவணை மட்டும்தான். சிரிப்பை நான் பார்க்கவில்லை மாப்பிள்ளை. கடையில் தகரப் பட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கடிதம் கிடைத்ததும் கூப்பிடுங்கள், அதுவரை நான் வீட்டை விட்டு எங்கேயும் போகமாட்டேன்.