பணீந்திரா மிச்சம் பிடித்த இரண்டாயிரம்

இனி ஒரு செமஸ்டர்கூடக் கிடையாது என்று பணீந்திரா சபதம் எடுத்தது, ஒரு புதன்கிழமை மாலை, கருகிப்போன பருப்புக்கு முன்னால் நின்றபோது.

அவன் மனைவி ஸ்ரவந்தி வகுப்புக்குப் போயிருந்தாள். முன்பெல்லாம் அவனுடைய வேலை விசாவை ஒட்டிக்கொண்டு வந்த மனைவி விசாவில்தான் இருந்தாள். வேளாவேளைக்கு வீட்டில் கோங்குராக் கீரை மணத்தது. போன வருடம் மாணவர் விசாவுக்கு மாறினாள். அன்றிலிருந்து டாலஸ் பக்கத்து அந்த அபார்ட்மென்டில் ஆவக்காய் ஊறுகாய் பாட்டில்தான் சமையல்காரர். அவள் என்ன படிக்கிறாள் என்று ஆபீசில் யாராவது கேட்டால், "ஏதோ மாஸ்டர்ஸ்" என்பான். ஃபீஸ் எவ்வளவு என்பதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வான்.

ஸ்ரவந்தி வந்து பையை இறக்குவதற்குள் ஆரம்பித்தான்.

"இந்த செமஸ்டரோட போதும். நிறுத்திடு."

"சரிங்க."

சண்டைக்கென்று மூன்று வசனம் தயார் செய்து வைத்திருந்தான் பாவம். மூன்றும் வீண்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுச் சலபதி, கடன் வாங்கிய திருப்புளியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"ஏம்ப்பா, வரிக் கணக்கு குடுத்தாச்சா? உன் பெண்டாட்டி படிக்கிறா இல்ல? தனித்தனியா குடுத்தா ஒரு பைசா கிடையாது. அவளையும் இந்த ஊர்க்காரியா கணக்குல எடுத்துக்கச் சொல்லி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்து குடு. படிப்புச் சலுகைன்னு ரெண்டாயிரம் டாலர் வரைக்கும் வரி குறையும். அவ படிக்கிற வரைக்கும் வருஷா வருஷம்!"

"வருஷா வருஷமா?"

மனைவி சொன்னால் பணீந்திராவுக்கு அது வதந்தி. சலபதி சொன்னால் வேதம். அவர் படியிறங்குவதற்குள் சுவரை அடைக்கிற அளவுக்கு ஒரு டிவியை மனசுக்குள் வாங்கி, கிரிக்கெட்டும் போட்டுவிட்டான். ஒரே சிக்கல், அவள் படிப்பை நிறுத்தக் கூடாது. சலுகை விஷயமும் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பங்கு கேட்பாள்.

"ஸ்ரவந்தி, யோசிச்சுப் பார்த்தேன். பொம்பளைங்க படிக்கணும்."

"வேணாங்க. நீங்க சொன்னதுதான் சரி. பருப்பு கருகுதே."

"பருப்பு கிடக்கு! நான் பார்த்துக்கறேன்."

"தினமுமா?"

"தி... தினமும்."

"பாத்திரம்?"

"அதுவும்தான்."

"படிக்க இடமும் இல்லீங்க. ஹால்ல உங்க கிரிக்கெட் சத்தம்..."

"டிவியைத் தூக்கிடலாம்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அதற்குள் ஸ்ரவந்தி பிளக்கைப் பிடுங்கியிருந்தாள்.

"இவ்வளவு கெஞ்சறீங்க. சரி, படிக்கறேன்."

"அப்படியே இதுல ஒரு கையெழுத்து. சும்மா வீட்டு விஷயம்தான்" என்று வரிப் படிவத்தை நீட்டினான்.

அவள் வாசிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டு, அவன் மறந்துபோன தேதியையும் அவளே போட்டுக் கொடுத்தாள். இப்படி ஒரு வெள்ளந்தி எப்படித்தான் பாஸ் பண்ணுகிறாளோ என்று அவனுக்கு நிஜமாகவே இரக்கமாக இருந்தது. அந்த இரக்கத்தோடேயே அடுத்த வருடத்து ஃபீஸையும் கட்டினான்.

அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, எதிரே சலபதி வந்தார். பணீந்திராவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணா! வாசிக்காமலே கையெழுத்துப் போட்டா. ரெண்டாயிரம் மிச்சம்!"

"மிச்சம் பிடிக்க எவ்வளவு கட்டினே?"

"இருபத்தி..." பணீந்திரா நிறுத்தினான்.

"அட, உன்கிட்ட இதைச் சொல்லச் சொன்னதே ஸ்ரவந்திதாம்ப்பா. 'நான் சொன்னா நம்ப மாட்டாரு, நீங்க சொல்லுங்கண்ணா'ன்னா."

குப்பைப் பை கீழே விழுந்தது.

"அவளுக்கு... இந்த விவரமெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்?"

சலபதி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அவ படிக்கிறதே வரிச் சட்டம்தானேப்பா!"