மிட்சுயோ பாடும்போது மட்டும் சத்தம் வரவில்லை

அன்புள்ள தம்பி யோஷிஹிகோவுக்கு,

கனஸாவாவில் ஆறு நாளாக விடாத மழை. குடை காய்ந்தபாடில்லை. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணி மிட்சுயோவும் சுகம். முப்பது வருடம் டி.வி. கடையில் நின்றவன் நீ. அதனால் உனக்கு மட்டும் ஒரு சங்கதி எழுதுகிறேன், உன் மனைவிக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

போன மாதம் நகர மண்டபத்தில் உன் அண்ணியின் பாட்டுக்குழு கச்சேரி. நடுவில் ஒரு பாட்டு மிட்சுயோ தனியாகப் பாட வேண்டியது. பின்வரிசையில் இருந்த நான் அதற்கு முந்தின பாட்டிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். கைதட்டல்தான் எழுப்பியது. வீடு திரும்பும் வழியில் "கேட்டீங்களா?" என்றாள். "தேன்! கண்ணுல தண்ணியே வந்துடுச்சு" என்றேன். அதோடு வாயை மூடினேனா? கச்சேரியைப் பதிவு செய்த வட்டு வந்ததும், அவள் அக்கா ரியோகோவையும் சகலையையும் வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வாருங்கள் என்று அழைத்துவிட்டேன். மிட்சுயோ "வேண்டாங்க" என்றாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எந்த இடத்தில் கண்ணீர் வந்தது என்று நாலு பேர் முன்னால் கேட்டால் சொல்ல வேண்டாமா? அதனால் அவள் கடைக்குப் போகும் நேரமெல்லாம் வட்டைப் போட்டுப் பார்க்கும் புளூ-ரே கருவியோடு மல்லுக்கட்டுகிறேன்.

முதல் நாள், படம் மங்கல் என்று பட அமைப்பில் தெளிவுக்கு இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் டி.வி. பழசு, அந்த எண்ணைத் தாங்கவில்லை, திரை கறுத்துவிட்டது. திருத்தலாம் என்றால் திருத்தும் பட்டியலும் அந்தக் கறுப்புக்குள்தானே இருக்கிறது! நிறுத்தும் பொத்தானைப் பத்து விநாடி அழுத்து என்று கையேட்டின் தொண்ணூறாம் பக்கத்தில் போட்டிருந்தது. அழுத்தினேன், படம் வந்தது, சத்தத்தைக் காணோம். ஒலி அமைப்பில் பிட்ஸ்ட்ரீம், பி.சி.எம். என்று இரண்டு இருக்கிறதல்லவா, முதலாவது ஒலியைக் கட்டின மூட்டையாகவே அனுப்புமாம், இரண்டாவது அவிழ்த்தே அனுப்புமாம். நீ தள்ளுபடியில் வாங்கித் தந்த ஒலிபெருக்கிக்கு மூட்டை அவிழ்க்கத் தெரியாது. இது புரியாமல் நான் ஒலியை உச்சத்துக்கு ஏற்றிவைத்துவிட்டு அப்புறம் பி.சி.எம்.முக்கு மாற்றினேன். நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் குரலெடுத்தார்கள் பார், அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

உடனே பலகாரப் பெட்டியோடு கீழ்வீட்டு சுகாயாவிடம் மன்னிப்புக் கேட்க ஓடினேன். "பரவாயில்லீங்க, எங்க குளியலறையில நின்னு பாடுற மாதிரி இருந்துச்சு. நானும் சேர்ந்து பாடிட்டேன்" என்றார். மறுநாளே பதிலுக்குப் பேரிக்காய் கொண்டுவந்துவிட்டார். "இது எதுக்கு?" என்று மிட்சுயோ கேட்டாள். "சும்மா, ஒரு பிரியத்துல" என்று இன்னொரு பொய் சொன்னேன்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். பியானோ கேட்கிறது, குழு கேட்கிறது, யாரோ இருமுவதுகூடக் கேட்கிறது. மிட்சுயோ முன்னால் வந்து வாயைத் திறந்தால் மட்டும் குரல் இல்லை! ஆறு ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பிரித்த ஒலியில் தனிக்குரல் நடுப்பெட்டிக்குப் போகுமாம், நம்மிடம் இருப்பது இரண்டே பெட்டி, அதனால் நடுவில் இருப்பது விழுந்துவிடுகிறது என்று நானே கண்டுபிடித்தேன். எல்லா ஒலியையும் இரண்டுக்குள் அடக்கும் அமைப்புக்கு மாற்றினேன். இருமல்தான் பெரிதாயிற்று. தம்பி, எந்த அமைப்பை மாற்ற வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் எழுது. போன் பண்ணாதே, அவள்தான் எடுப்பாள்.

உன் வீட்டில் எல்லோரும் இந்த மழையில் சளி பிடிக்காமல் நலமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மசநோபு

பின்குறிப்பு: எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம். கருவி சரியாகத்தான் இருக்கிறது. வழக்கம்போல உன்னை விசாரித்து இரண்டு வரி சேர்க்கலாமே என்று உன் அண்ணி இந்தக் கடிதத்தை எடுத்து முழுக்கப் படித்துவிட்டாள். "மேடையில நின்னதும் தொண்டை அடைச்சுகிச்சு. வெறும் வாயைத்தான் அசைச்சேன். பியானோ வாசிச்ச அம்மாதான் பாட்டை வாசிச்சே சமாளிச்சாங்க. எல்லாரும் பாவம்னு பார்த்தாங்க. நீங்க ஒருத்தர்தான் தேன்னு சொன்னீங்க. என்னைத் தேத்துறதுக்கு மனுஷன் எவ்வளவு அழகா பொய் சொல்றாருன்னு ஒரு மாசமா சந்தோஷமா இருந்தேன். தூங்கிட்டுல்ல இருந்திருக்கீங்க!" என்றாள். அப்புறம், "உக்காருங்க, இப்பப் பாடுறேன். கண்ணை மூடினீங்க, தெரியும் சேதி" என்று என்னை எதிரில் உட்காரவைத்து மூன்று தடவை பாடினாள். நிஜமாகவே நன்றாகப் பாடுகிறாள், தம்பி. ஆனால் நான் சொன்னால் இனி நம்ப மாட்டாள்.