சுண்ணாம்புக்குக் குடை பிடித்த வெள்ளைத்துரை

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போன பிறகும் ஒடுகத்தூரில் ஒரு வெள்ளைத்துரை ஆட்சி செய்துகொண்டிருந்தார். ஆள் என்னவோ கன்னங்கரேல்தான். சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்ததால் புருவம் வரைக்கும் வெள்ளை. பாம்புப் புற்றோ, பக்கத்து வீட்டுச் சண்டையோ, எதற்கும் அவரிடம் ஒரே மருந்து: சுண்ணாம்பு.

நான் படித்தது மூணாங்கிளாஸ். ஜவ்வாது மலையில் புளி வாங்கித் தலைச்சுமையாக இறக்கி விற்றே நிலம் வாங்கியவன். இந்தப் பக்கத்தில் அப்படி இன்னொருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம்! ஆனால் நிலத்தின் பழைய சொந்தக்காரர், தோல் பதனிடும் ஷாப்புக் கழிவை உரமென்று லாரி லாரியாகக் கொட்டியிருந்தார். போட்ட வேர்க்கடலையெல்லாம் மஞ்சளாகிச் செத்தது.

செங்கல் சூளை வைத்திருந்த என் மச்சான் அளவுக் கயிறோடு வந்து வரப்பில் நின்றான். "இன்னா மாமா, உங்க கடலைக்கு மஞ்சக்காமாலையா? மண்ணக் குடுத்துடுங்க, செங்கல்லு அறுத்துக்கறேன்." அடுத்த விளைச்சலும் போனால் நிலம் அவனுக்கு என்று என் மனைவி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

மண்ணில் புளிப்பேறியிருக்கிறது, சுண்ணாம்பு போட்டால் கழிவிலுள்ள உலோக விஷத்தைச் செடி இழுக்காது என்றார் விவசாய ஆபீசர். துரையிடம் ஓடினேன்.

"விஷம் ஓடிப் போய்டுமா துரை?"

"எங்கய்யா போவும்? அங்கியேதான் கெடக்கும். காலக் கட்டிப் போட்டு வெக்கறேன், அவ்ளோதான்."

சுட்ட சுண்ணாம்புக் கல்லை வயலெங்கும் குவியலாக வைத்து, ஈரமண்ணால் மூடி, அது மெல்லப் பொடிந்த பிறகு இறைக்க வேண்டும். மூடுமுன் மழை பட்டால் கொதித்துக் களியாகிக் கிணற்றில் இறங்கிவிடும். ஆனால் துரை ஒவ்வொரு குவியலுக்கும் சிலுவை போட்டு ஜெபித்துத்தான் மூட விடுவார். நடுவில் யாராவது பேசினால் முதல் குவியலிலிருந்து மறுபடியும் ஜெபம்.

மலை கறுத்தது. காற்றில் ஈரவாடை. நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்றைக்கும் கயிறோடு வரப்பில் வந்து நின்ற மச்சான்தான் கத்தினான்: "யோவ் துரை, மழ வருதுய்யா!"

"பேசிட்டியா? மொதல்லேர்ந்து."

அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. துரை நிதானமாக முதல் குவியலுக்கு நடந்தார். ஒரு துளி விழுந்தது. கடைசிக் குவியல் 'உஸ்' என்று சீறிப் புகைந்தது. துரை திரும்பிப் பார்த்தார், வானத்தையும் பார்த்தார்.

"ஆண்டவரே, மிச்சத்துக்கு மொத்தமா ஒரே ஜெபமா வெச்சிக்குங்க. மூடுங்கடா!"

மச்சானே கயிற்றை வீசிவிட்டு மண்வெட்டி எடுத்தான். அவன் குடிப்பதும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தானே! நாங்கள் மூடிக்கொண்டே வரும்வரை, புகைகிற குவியலுக்குத் தன் ஓட்டைக் குடையைப் பிடித்தபடி நின்றார் துரை. மேலிருந்த வெள்ளையெல்லாம் மழையில் கரைந்து, முதல்முறையாக அவருடைய சொந்த நிறத்தைப் பார்த்தேன். கைகள் இரண்டும் நனைந்த சுண்ணாம்பில் வெந்து கொப்பளித்திருந்தன. "குவியல் நனையலியே?" என்றுதான் கேட்டார்.

அடுத்த கடலை பச்சையாக நின்றது. ஆபீசர் பரிசோதனைக்கு அனுப்பி, சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு முதல் படி துரை வீட்டுக்குப் போனது. மச்சான் கயிற்றைத் தேடி வரவேயில்லை.

இப்போதும் அந்த நிலத்தைக் கொத்தும்போது எங்காவது வெள்ளையாக ஒரு பொட்டு தெரியும். கட்டிப் போட்ட கால் அவிழ்ந்துவிடுமோ என்று அந்த இடத்தை மட்டும் கொத்தாமல் சுற்றிப் போகிறேன்.