குழாய்க்காரரின் கண் அழுத்தம்

முதலில் தப்பு செய்தது மனைவிதான். இரண்டு வருஷமாகியும் குழாய்க்காரர் இதை மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

அன்று சாயங்காலம் அவருடைய இடது கண் சிவந்து கல்லாய் இறுகியது. விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்தது. வாந்தியும் வந்தது.

"வயிறு சரியில்ல, படுங்க" என்றாள் மனைவி.

மூன்று மணி நேரம் படுத்துப் புரண்ட பிறகுதான் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழி அடைத்து, அழுத்தம் ஏறிவிட்டதாம். நாற்பது வருஷம் ஊர் அடைப்பையெல்லாம் எடுத்த மனுஷனுக்குக் கண்ணுக்குள்ளேயே அடைப்பு! டாக்டரம்மா லேசரால் ஊசிமுனைத் துளை போட்டார்.

"துளைதான் போட்டாச்சே, சொட்டு மருந்து எதுக்கு?"

"துளை போட்டாலும் பழைய குழாய் பழைய குழாய்தானே? அழுத்தம் மெல்ல ஏறும், உங்களுக்கே தெரியாது. தெரியும்போது பார்வை போயிருக்கும். ரெண்டு வேளையும் ஒரு சொட்டு. ஆயுசுக்கும்."

அன்று முதல் தினமும் இரண்டு வேளை, தெருமுனைத் தையல்காரருக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல்: "சொட்டு விட்டீங்களாஆ?"

அவர் எதிர்பார்த்தது வேறு. 'அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க.' அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவே இல்லை.

ஒருநாள் தனியாகப் பரிசோதனைக்குப் போய் வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தார்.

"வீட்டுல சத்தம் கேட்டா அழுத்தம் ஏறுமாம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒண்ணு, அன்னைக்குச் செஞ்ச தப்பை ஒத்துக்கோ. இல்ல, வாயைத் திறக்காதே."

மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

"திறக்கலைங்க."

அதோடு சரி. வீட்டில் குக்கர் மட்டும்தான் பேசியது. மருந்துப் புட்டியை அவருடைய பல் பிரஷ் பக்கத்தில் வைத்தாள். அவர் பிரஷை எடுத்துக்கொண்டு புட்டியை அங்கேயே விட்டுவிட்டு, ராஜா மாதிரி நடந்தார்.

நாற்பதாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கையசைத்துக் கூப்பிட்டாள். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கருவியில் தாடையை வைத்தார்.

"போன தடவை அழுத்தம் பதினாறு. இப்ப இருபத்தெட்டு! மருந்து விடுறீங்களா?"

"விடாம இருப்பேனா?"

மனைவி பையிலிருந்து புட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். மாதத்துக்குள் தீர வேண்டிய மருந்து கழுத்துவரை நின்றது.

"நீங்க ஞாபகப்படுத்தலையாம்மா?"

"சத்தம் கேட்டா அழுத்தம் ஏறும்னு நீங்கதானே டாக்டர் சொல்லி அனுப்பினீங்க?"

"நானா?"

குழாய்க்காரர் சுவரிலிருந்த எழுத்துப் பலகையை அக்கறையாகப் படித்தார்.

"நரம்பு இன்னும் கெடல. இப்படியே விட்டிருந்தா இந்தக் கண்ணு மிஞ்சியிருக்காது. நல்லவேளை, கூட்டிட்டு வந்தாங்க."

அவர் இடது கண்ணை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா சீட்டில் எழுதினார்: 'சொட்டு, இரண்டு வேளை. மனைவி கேட்க வேண்டும். சத்தமாக.'

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் குழாய்க்காரருக்குத் தெம்பு திரும்பியது.

"எல்லாம் சரி. அன்னைக்கு வயிறுன்னு சொன்னது உன் தப்புதானே? இப்பவாவது சொல்லு!"

அவள் புட்டியைத் திறந்து, அவர் தாடையை மேலே தூக்கினாள்.

"சத்தம் போடாதீங்க. அழுத்தம் ஏறும்."