கோவிந்தராஜு மாமாவின் வயிறும் என் பேஸ் கிட்டாரும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டது இசை மேல் இருந்த காதலால் அல்ல. ஆறு கம்பியை விட நாலு கம்பி சுலபம் என்று நினைத்ததால்.

என் பெயர் கலைவாணி. (பெயர் வைத்தவர்கள் மேல் தப்பில்லை. அப்போது எனக்கு வயது பதினொரு நாள்.) பாட வேண்டும் என்றுதான் சுரேஷின் குழுவில் சேரப் போனேன். சுரேஷ் என் காலேஜ் சீனியர். அண்ணனூரில் மின்சார ரயில்களை நிறுத்தி வைக்கும் ஷெட்டை ஒட்டி அவன் வீடு. அந்த வீட்டு மாடியில்தான் பயிற்சி. சொந்தமாக ஒரு பாட்டும் போட மாட்டோம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டுகளை, எல்லோருக்கும் தெரிந்ததை விடக் கொஞ்சம் வேகமாக வாசிப்போம். அவ்வளவுதான் எங்கள் கொள்கை.

நான் இரண்டு வரி பாடியதும் சுரேஷ் கையைக் காட்டி நிறுத்தினான்.

"பாடறதுக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் கீறாங்கோ கலா. பேஸுக்குத்தான் ஆள் இல்ல. நாலே கம்பி. ஒண்ணொண்ணா அடிச்சிகினு இருந்தா போதும்."

பாட்டுக்கு அடியில் 'டும், டும்' என்று தரை அதிர்கிற மாதிரி ஒன்று கேட்கும் அல்லவா, அதுதான் பேஸ். இருந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும் என்று சுரேஷ் பெருமையாகச் சொன்னான். (அதில் இரண்டாவது பாதி பொய் என்று பின்னால் நிரூபணமானது.)

கருவி வாங்கப் போன கதை தனி. என் உயரம் ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கழுத்து குட்டையான பேஸ் ஒன்றை எடுத்து வைத்தார். கை எட்டும், தோள் வலிக்காது என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையிலேயே நீளமானதைக் காட்டச் சொன்னேன். அதிலும் அரக்குச் சிவப்பு நிறத்தில் ஒன்று, என் தீபாவளிச் சுடிதாருக்கு அப்படியே பொருந்தியது. ஒலி எப்படி என்று நான் கேட்கவே இல்லை. அதை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால், நான் உள்ளே இருப்பேன், அதன் கழுத்து வெளியே பைக்கில் போகிறவர்களுக்கு வழி காட்டிக்கொண்டிருக்கும்.

நாங்கள் ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு விருதுநகர்ப் பக்கம். இருபத்தைந்து வருடமாக லேத் மெஷினில் வேலை. மெஷின் போடும் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். நான் சாயங்காலம் வீட்டில் வாசித்துப் பழகும்போது, பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், நிறுத்து என்றும் சொல்ல மாட்டார். ஒரு பாட்டில், கம்பியை வேகமாக எட்டு அடி அடிக்கிற ஓட்டம் ஒன்று வரும். மூன்று அடி ஒழுங்காகப் போவேன். நாலாவதில் விரல் வழுக்கி, 'டொய்ங்' என்று ஒரு அபஸ்வரம் விழும். மூன்று மாதம், தினமும், அதே இடத்தில், அதே டொய்ங்.

அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான். வீட்டுக்குள் எதை வேண்டுமானாலும் தட்டு, மேடை ஏறக் கூடாது. அடுத்த வருடம் எனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அதற்குள் குவார்ட்டர்ஸ் முழுக்க என்னைப் பந்தலில் பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று அவருக்குக் கவலை.

இந்த நிலையில்தான் முதல் வாய்ப்பு வந்தது. நசரத்பேட்டையில், பெங்களூர் ஹைவே மேல் ஒரு மண்டபம். ரிசப்ஷன். சுரேஷின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்பதால், எங்கள் வாசிப்பைக் கேட்காமலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒயரோடு ஒரு தகராறு இருந்தது. பயிற்சியில் ஒரு நாள் ஸ்டைலாகத் திரும்புகிறேன் பேர்வழி என்று சுற்றியதில், என் கிட்டார் ஒயர் கீபோர்டு ஸ்டாண்டில் மாட்டி, கீபோர்டு குப்புற விழுந்தது. கீபோர்டுக்காரர் அதற்குப் பிறகு என்னோடு சைகையில்தான் பேசினார். ஆகவே ஒயரில்லாத கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு சின்ன டப்பாக்கள். ஒன்றை கிட்டாரில் செருக வேண்டும், இன்னொன்றை, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கரண்ட் கொடுக்க வேண்டும். நடுவில் ஒயர் கிடையாது, காற்றில் போகும். வாங்கியவர்களின் கருத்துகளை ஒரு வாரம் ஆராய்ந்தேன். என் மனதைத் தொட்ட கருத்து இது: 'ஐந்து நட்சத்திரம். பார்சல் நன்றாகக் கட்டியிருந்தார்கள். இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.'

ரிசப்ஷன் அன்றே அப்பாவின் நண்பர் செல்வராஜ் மாமாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அம்மா என்னையும் கூப்பிட்டார். நான் வேலை பார்த்த அம்பத்தூர் ஆபீஸில் ஆடிட், வர முடியாது என்றேன். (ஆடிட் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.) பத்திரிகை ஒரு வாரமாக டி.வி. மேல்தான் கிடந்தது. அதில் மண்டபத்தின் பெயர் என்ன என்று பார்க்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

லோடு ஆட்டோவில் போய், மண்டபத்தின் பின்வாசல் வழியாகச் சாமான்களை மாடிக்கு ஏற்றினோம். மாடியில் பெரிய ஏ.சி. ஹால். கீழே 'மினி ஹால்' என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. டப்பாக்களைச் செருகினேன். ஆம்பில் பச்சை விளக்கு எரிந்தது. அதற்கு மேல் நான் எதையும் சோதிக்கவில்லை. நாங்கள் ஆரம்பிக்கும் நேரம் பார்த்து ஐஸ்கிரீம் கவுண்டர்காரர் வந்து, ஆம்ப் பக்கத்தில் இருந்த டப்பாவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தன் பெட்டியைச் செருகிக்கொண்டு போயிருக்கிறார்.

அதாவது, நான் வாசித்த ஒரு ஸ்வரம்கூட அந்த ஹாலில் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. ஆனால் அண்ணனூர் மாடியிலும் சுரேஷின் கிட்டாருக்கும் ரயிலுக்கும் நடுவில் என் சத்தம் எனக்கு என்றைக்குமே கேட்டதில்லை என்பதால், எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முன் வரிசையில் ஒரு அம்மாள் தலைகூட ஆட்டினார். சுடிதார் துப்பட்டா பறக்க, ஒயர் இல்லாத சுதந்திரத்தில் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

என் சத்தம் எங்கே போனது என்பதைப் பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கீழே மினி ஹாலில் செல்வராஜ் மாமா மகளின் நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த கார்ட்லெஸ் மைக்கும் என் டப்பாவும் ஒரே அலைவரிசை. மாப்பிள்ளையின் தாய்மாமன் கோவிந்தராஜு எழுந்து, மைக்கை வாங்கி, நிச்சயப் பத்திரிகை படிக்க ஆரம்பித்திருக்கிறார். நல்ல ஆகிருதி. மைக்கை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு படிப்பது அவர் பழக்கம்.

"நிகழும் மங்களகரமான" என்று அவர் மூச்சு விட்டதும், ஸ்பீக்கரில் 'டுர்ர்ர்ம்' என்று கேட்டிருக்கிறது.

அவர் நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு மணமகளின் தாத்தா பெயரைப் படித்தார். 'டும். டுடும். டுர்ர்ர்.' பாட்டோ, தாளமோ, கூட ஒரு கருவியோ இல்லாமல் பேஸ் சத்தம் மட்டும் தனியாக ஸ்பீக்கரில் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மனிதர் மத்தியானம் எதைச் சாப்பிட்டார் என்று விசாரிக்கத் தோன்றும். பெண் வீட்டு வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கத் துணியை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒரு நல்ல மனசுக்காரர் சோடா கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் ஓம வாட்டர். மாமா இரண்டையும் குடித்தார், பாவம். குடித்ததும் நாங்கள் மேலே வேகமான பாட்டு ஒன்றை எடுத்துவிட்டோம்.

சிறுசுகள் வெடித்துச் சிரித்துவிட்டன. கோவிந்தராஜு மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பத்திரிகையை மடித்துத் தட்டில் வைத்தார். சபையில் கூப்பிட்டு உட்கார வைத்து அசிங்கப்படுத்துகிறார்களா, மைக்கில் என்னத்தை வைத்தீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். செல்வராஜ் மாமா கையெடுத்துக் கும்பிடுகிறார், மைக் செட்காரரைக் கூப்பிடுகிறார், அவர் சாப்பாட்டு ஹாலில் இரண்டாவது பந்தியில் இருக்கிறார். கல்யாணப் பெண் தலையைக் குனிந்தபடியே அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

அந்தக் களேபரத்தில் ஸ்பீக்கரில் எட்டு அடி ஓட்டம் ஒன்று வந்தது. மூன்று அடி ஒழுங்காகப் போனது. நாலாவதில், 'டொய்ங்'.

அப்பா நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தாராம். அம்மாவிடம்கூட ஒன்றும் சொல்லாமல், மாடியில் ஏதோ கச்சேரி என்று விசாரித்துக்கொண்டு மாடிப்படியைத் தேடிப் போனாராம்.

நான் கண்ணை மூடி லயித்து வாசித்துக்கொண்டிருந்தேன். திறந்தபோது, மேடைக்கு முன்னால், வெள்ளை வேட்டி, கையில் நிச்சயதார்த்தத்தில் கொடுத்த வெற்றிலையோடு அப்பா. என் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. பாட்டு நிற்கவில்லை. சுரேஷ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா பக்கத்தில் வந்து, "கீழ வாத்தா. அதையும் எடுத்துக்கிட்டு வா," என்றார்.

கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே இறங்கினேன். டப்பாவை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீளக் கழுத்து என்று சொன்னேன் அல்லவா, அது படிக்கட்டுக் கம்பியில் ஒவ்வொரு படிக்கும் இடித்தது. கீழே இருந்தவர்களுக்கு ஸ்பீக்கரில் 'டொம்... டொம்... டொம்' என்று, ஏதோ ஒன்று படி இறங்கி வருவது போலக் கேட்டிருக்கிறது. நான் வாசலில் கால் வைத்தபோது ஹாலே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அப்பா கூட்டத்துக்குப் பேசிப் பழக்கமில்லாதவர். மெஷினில் கோளாறைக் கண்டுபிடித்த குரலில் சொன்னார்: "சத்தம் மாமா வயித்துல இல்ல. எம் பொண்ணு கையில."

என்னை ஒரு கம்பியைத் தட்டச் சொன்னார். தட்டினேன். மினி ஹால் அதிர்ந்தது.

கோவிந்தராஜு மாமா என்னையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதி. "இன்னொரு வாட்டி அடிம்மா, எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றார். அடித்தேன். சாப்பாட்டு ஹாலில் இருப்பவர்களையும் கூப்பிடச் சொன்னார். அவர்கள் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்காக ஒரு தடவை. சோடா கொடுத்தவரை முன்னால் நிற்க வைத்து, அவருக்கென்று ஒரு தடவை. என் வாழ்க்கையில் ரசிகர் விரும்பிக் கேட்டு நான் மறுபடி மறுபடி வாசித்தது அன்றைக்கு மட்டும்தான்.

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் டப்பாவை அணைத்தேன். மாமா முதல் வரியிலிருந்து, முன்பை விட இரண்டு மடங்கு கணீரென்று படித்தார். தட்டு மாற்றினார்கள்.

எல்லாம் முடிந்ததும் அம்மா என் பக்கத்தில் வந்து, துப்பட்டாவைச் சரி செய்தபடி, மிக மெதுவாகக் கேட்டார்: "ஆடிட் முடிஞ்சிருச்சா?"

மேலே போனேன். கடைசிப் பாட்டு முடிந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதியில் போனதற்கு சுரேஷிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா சொல்ற? நீ எப்போ போன?"

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூந்தமல்லி தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பினார். அந்த நாலாவது இடத்தில் மோதிர விரலைப் போடாமல் சுண்டு விரலைப் போட்டுப் பார்த்தால் வழுக்காது என்று தோன்றுகிறது என்றார். மூன்று மாதமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். மறுநாள் சுண்டு விரலைப் போட்டுப் பார்த்தேன். வழுக்கவில்லை.

மேடைத் தடையை அம்மா ஒரு மாதத்தில் தளர்த்தினார். இதற்கு மேல் குவார்ட்டர்ஸுக்குத் தெரிய என்ன இருக்கிறது என்பது அவர் வாதம்.

மூன்று வருடம் கழித்து எனக்கு நிச்சயதார்த்தம், சேக்காட்டில். அதற்குள் கோவிந்தராஜு மாமா அப்பாவுக்கு நெருங்கிய சிநேகிதர் ஆகியிருந்தார். பத்திரிகை படிக்க அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று அம்மாவே பிடிவாதம் பிடித்தார். மாமா எழுந்தார். மைக்கை வாங்கினார். ஆரம்பிப்பதற்கு முன், பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பி, சபை முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்: "பொண்ணு கையில ஒண்ணும் இல்லையே?"

எங்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. என் வருங்கால மாமியார் பதறிப்போய், என் இரண்டு கைகளையும் இழுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்பா எழுந்து முழுக் கதையையும் சொன்ன பிறகுதான் நிச்சயமே ஆரம்பித்தது.

அன்றிலிருந்து இது என் புகுந்த வீட்டுச் சொத்தாகிவிட்டது. பூந்தமல்லியில் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது சத்தமாகப் படிக்க வாயைத் திறந்தால் போதும், அது கரண்ட் பில்லாக இருந்தாலும், கலா கையில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டுவிடுவார்கள். போன மாதம் என் மகள் பள்ளி ஆண்டு விழாவில் மைக் முன்னால் நின்று ஏழு வரி பேசினாள். அவள் வணக்கம் சொல்ல ஆரம்பித்ததும், பக்கத்து நாற்காலியில் இருந்த என் மாமியார் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கைதட்டக்கூட விடவில்லை.