சம்பள வரிசையில் ஒரு தலைவர்

மனிதனுடைய திறமையை அளக்க ஒரு கருவி இல்லையே என்று உலகம் ஐயாயிரம் வருடமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் லண்டன் அதைக் கண்டுபிடித்துவிட்டது. அதன் பெயர் சம்பளச் சீட்டு. வெளிநாட்டுத் திறமைசாலிகளைச் சம்பளப்படி வரிசையில் நிறுத்தி, மேலேயிருந்து விசா கொடுத்துக்கொண்டு வரலாம் என்று ஒரு யோசனை அடிபட்டபோது, முதலில் கைதட்டியவர் கிங்ஸ்பரி குகதாசன்தான்.

"இதல்லோ சட்டம்! இனிமேல் கண்டவன் நிண்டவன் எல்லாம் வந்து குவியேலாது" என்றார்.

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எண்பத்தொன்பதில் யாரோ ஒரு புண்ணியவானின் பாஸ்போர்ட்டில் தன் படத்தை ஒட்டிக்கொண்டு வந்து இறங்கிய அனுபவஸ்தர் அல்லவா? இன்று லண்டனுக்குள்ளேயே பார்க்கிங், எட்மண்டன், கிங்ஸ்பரி என்று மூன்று ஊர்களில் அவருக்குப் பலசரக்குக் கடைகள். வீடுகளை அவர் எண்ணுவதே இல்லை, கண் பட்டுவிடும்.

இவ்வளவு இருந்தும் மனுஷனுக்கு ஒரே ஒரு குறை. எங்கள் தமிழர் மன்றத்தின் தலைவர் பதவி மட்டும் கிட்டவில்லை. மூன்று தடவை போட்டியிட்டு மூன்று தடவையும் நடராஜாவிடம் தோற்றார். நடராஜா மலேசியாக்காரர், கல்லூரி ஆசிரியர், கூட்டத்துக்குச் சைக்கிளில் வருகிற ஆள். கடைசித் தேர்தலில் குகதாசனின் மனைவி குமுதாவே கை தூக்கவில்லை. தோள்மூட்டு நோவாம்.

ஆகவே குகதாசன் மன்றக் கூட்டத்தில் எழுந்து ஒரு 'வரலாற்றுப் பிரேரணை' கொண்டுவந்தார்.

"நாடே சம்பளத்தைப் பாத்து ஆளெடுக்கப் போகுது. நாங்கள் மட்டும் ஏன் கை தூக்கிச் சண்டை பிடிப்பான்? ஆருக்குச் சம்பளம் கூடவோ, அவர்தான் தலைவர்!"

செயலாளர் கனகாம்பிகை கவுன்சிலில் முப்பது வருடம் படிவம் சரிபார்த்தவர். "வாயாலை சொன்னால் காணுமோ, கடதாசி வேணுமோ?" என்று கேட்டார்.

"கடதாசிதான்! வரிக் கந்தோருக்குக் காட்டின அதே கடதாசி. வாய்ச்சொல் செல்லாது எண்டு எழுதுங்கோ அக்கா."

மன்றத்திலிருந்த மற்ற ஐந்து முதலாளிமாரும் ஆளுக்காள் தாங்கள்தான் அடுத்த தலைவர் என்று எண்ணியதால், பிரேரணை அமோகமாக நிறைவேறியது. "ஆமா, செஞ்சுதான் பார்ப்போமே" என்றார் நடராஜா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குகதாசன் கோட்டும் சூட்டுமாக, தனக்கான மாலையைத் தானே வாங்கிக்கொண்டு வந்தார். கடதாசி, கணக்காளர் பவித்திரன் ஒட்டிக் கொடுத்த உறைக்குள் இருந்தது. பவித்திரன் காட்டுகிற இடத்தில் கையெழுத்து வைப்பாரே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற சின்னப் புத்தி குகதாசனுக்குக் கிடையாது.

கனகாம்பிகை உறையைப் பிரித்து வாசித்தார். "குகதாசன். பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபது பவுண்."

"அது மாசச் சம்பளம் அக்கா. வடிவாப் பாருங்கோ."

"வடிவாத்தான் பாக்கிறன். வருஷத்துக்கு."

அடுத்தவர் நகைக்கடை முதலாளி. அவருக்கும் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபது. கல்யாண மண்டப முதலாளிக்கும் அதுவே. ஆறு முதலாளிமாரும், வரி கட்டத் தேவையில்லாத கடைசிப் பவுண் வரைக்கும் வந்து, அங்கேயே ஒரே வரிசையில் நின்றார்கள். தமிழருக்குள் ஒற்றுமை இல்லை என்று எந்த மடையன் சொன்னான்? ஆறு பேருக்கும் கணக்குப் பார்க்கிற பவித்திரன், கார் நிற்கிறதா என்று பார்க்க வெளியே போனார். திரும்பி வரவில்லை.

"நடராஜா. முப்பத்தொன்பதாயிரத்து இருநூறு."

நாலாவது தடவையும் இந்தச் சைக்கிளா! குகதாசனுக்கு உச்சந்தலை கொதித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். குகதாசனுக்கோ ஆத்திரத்தில்தான் புத்தி வேலை செய்தது.

"பொறுங்கோ! இன்னும் ஒராள் இருக்கு. ரதீசன், எழும்பு!"

கடைசிக் கதிரையிலிருந்து ரதீசன் எழும்பினான். நாற்பத்திரண்டு வயது. மனைவி பிள்ளைகளைக் கொடிகாமத்தில் விட்டுவிட்டு, குகதாசன் எடுத்துக் கொடுத்த விசாவில் வந்தவன். விடியற்காலை ஐந்து மணிக்கு ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினால், வான் வண்டியில் வருகிற அரிசி மூட்டை எல்லாம் இறக்கி முடிய இருட்டிவிடும். விசாக் கடதாசியில் இந்த வேலைக்குப் பெயர் 'வியாபார அபிவிருத்தி முகாமையாளர்'.

"நாற்பத்தோராயிரத்து எழுநூறு பவுண்!" என்று குகதாசன் மேசையில் அடித்தார். "இதுக்குக் குறைஞ்சால் விசா தரமாட்டாங்கள் எண்டு நானே கையெழுத்து வைச்சது! சம்பளச் சீட்டு போனிலை இருக்கு, அக்காவுக்குக் காட்டு!"

கனகாம்பிகை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சரிதான். வரிக் கந்தோருக்கும் போயிருக்கு. ரதீசன்தான் தலைவர்."

குகதாசன் தான் வாங்கி வந்த மாலையை எடுத்து ரதீசனின் கழுத்தில் போட்டார். தலைவர் யாராக இருந்தால் என்ன, தலைவருக்கு முதலாளி தான்தானே என்ற சந்தோஷம் அவருக்கு. நடராஜாவும் மனம்விட்டுக் கைதட்டினார்.

"வழமைப்படி புதுத் தலைவர் மன்றத்துக்கு ஒரு நன்கொடை அறிவிக்கவேணும்" என்றார் கனகாம்பிகை. "எவ்வளவு போடட்டும்?"

ரதீசன் கழுத்து மாலையை இழுத்து இழுத்துச் சரிசெய்தான்.

"வெக்கப்படாமல் சொல்லு தம்பி" என்று குகதாசன் முதுகில் தட்டினார்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. நான் ஏற்கனவே மாசாமாசம் ஒருத்தருக்கு நன்கொடை குடுக்கிறன். சம்பளம் வங்கியிலை விழுந்த அண்டைக்கே அரைவாசியை எடுத்துக் கையிலை குடுத்திடுவன்."

"ஆருக்கு?"

"குகதாசன் அண்ணைக்குத்தான். குடுக்காட்டி விசாவை வெட்டிப்போடுவன் எண்டு சொன்னவர். இவ்வளவு நாளும் எனக்குச் சரியான மனவருத்தம் அக்கா. இண்டைக்குத்தான் விளங்கிச்சு. பாவம் மனுஷன், பன்னிரண்டாயிரத்தை வைச்சுக்கொண்டு என்னெண்டு சீவிக்கிறது?"