அத்திம்பேர் வீட்டுக் காடைகளும் மெத்தியோனினும்

சிரஞ்சீவி சங்கரனுக்கு,

மயிலாப்பூரிலிருந்து அத்திம்பேர் ராகவேந்திரன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ஹம்சாவும் தனித்தனி அறையில் சௌக்கியம். பெங்களூரில் உன் புது வேலை நல்லபடி போக கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. பெருங்குடி வீட்டைக் காலி செய்தபோது, "கொஞ்ச நாள் பாத்துக்கோங்கோ அத்திம்பேர், முட்டையை மட்டும் விட்டுடாதேங்கோ, இன்குபேட்டர்ல வெச்சுடுங்கோ, இதை வெச்சுத்தான் பண்ணையே ஆரம்பிக்கப் போறேன்" என்று சொல்லி காடைக் கூண்டையும் குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டியையும் என் பால்கனியில் வைத்துவிட்டுப் போனாய். நீ கொடுத்த தீவனம் தீர்ந்ததும், நாம் சாப்பிடுவதைத்தானே அதுகளும் சாப்பிடும் என்று தயிர் சாதம் போட்டேன். முட்டை சிறுத்தது, பிறகு நின்றே போயிற்று. உன் பண்ணை என் பால்கனியிலேயே போச்சே என்று பதறி, கால்நடை டாக்டர் லாவண்யாவுக்குப் போன் போட்டேன்.

"சார், முட்டை போடற காடைக்குத் தயிர் சாதமா? அது தூங்கத்தான் செய்யும். லைசின், மெத்தியோனின்னு அமினோ அமிலம் ரெண்டும் வேணும். லைசினுக்கு சோயா கொடுங்க. ஆனா சோயாவுல மெத்தியோனின் கம்மி, அதுக்கு மீன் தூள் கலக்கணும்."

டாக்டர் சொன்ன சோயா என் காதில் ஜோயா என்று விழுந்தது. மேல்மாடியில் இருக்கும் பெண்ணுக்கும் அதே பெயர். போய்க் கதவைத் தட்டி, "அம்மா, உன்னைக் காடைக்குக் கொடுக்கச் சொல்றா டாக்டர்" என்றேன். உள்ளேயிருந்து அவள் அப்பா அப்துல் சமத் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். நல்லவேளை, அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அங்கிள், அது நான் இல்ல, சோயா மீல்மேக்கர்!" என்று ஒரு பொட்டலத்தையும் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்தது மீன். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று உச்சி வெயிலில் மப்ளர் கட்டிக்கொண்டு பட்டினப்பாக்கம் போனேன். வாய் கூசியது, மீன் என்று சொல்ல வரவில்லை. கடைக்காரம்மா தாயம்மாவிடம் மெதுவாக, "மெத்தியோனின் கிடைக்குமா?" என்றேன்.

"இன்னா நைனா, மெத்தியோ மீனா? அது இன்னும் கரைக்கு வரல. வஞ்சிரம் கீது, சங்கரா கீது. சங்கராவ வெட்டட்டுமா?"

உன் பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன்.

கடைசியில் கருவாட்டை இடித்து வாங்கி வந்தேன். மீல்மேக்கரையும் பொடித்துக் கலந்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு போட்டதும் காடைகள் மறுபடி முட்டையிட ஆரம்பித்தன. நீ சொன்னபடி முட்டைகளை இன்குபேட்டரில் அடுக்கினேன். அப்பாடா என்று சில வாரம் நிம்மதியாக இருந்தேன்டா. நேற்று உன் பெரியப்பா சாப்பிட வந்தார். உன் அக்கா அந்த டப்பாவைப் பருப்புப் பொடி என்று நினைத்து, சாதத்தில் போட்டு நெய்யும் விட்டுவிட்டாள். முதல் கவளம் வாய்க்குப் போகும் முன் பாய்ந்து தட்டைப் பிடுங்கினேன். "அது காடையோடது!" என்று வேறு கத்தித் தொலைத்தேன்.

"வந்த மனுஷனைவிட உனக்குக் காடை ஒசத்தியா?" என்று கையை உதறிவிட்டுப் போனவர்தான், இன்னும் போனை எடுக்கவில்லை. டப்பாவில் இருந்தது கருவாடு என்று தெரிந்த உன் அக்கா, "இந்த ஆத்துல ஒண்ணு காடை இருக்கணும், இல்லே நான் இருக்கணும்" என்று பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து கூண்டை எடுத்துப் போகவும். உன் பண்ணையைவிட எனக்குச் சம்சாரம் முக்கியம்.

சகல சௌபாக்கியங்களும் பெற்று, பறவை வாசனையே இல்லாமல் நீ நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
அத்திம்பேர் ராகவேந்திரன்

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் கீச்சென்று சத்தம். நீ விட்டுப்போன இன்குபேட்டர் பெட்டியில் குஞ்சு பொரிந்திருக்கிறது, ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. உன் அக்கா தான் கட்டி வைத்த பெட்டியிலிருந்த பட்டுப்புடவையை உதறி அதுகளுக்கு விரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ வரவேண்டாம். வந்தால் கதவைத் திறக்கமாட்டாளாம்.